நீ ஜெயித்த அந்தப் பந்தயம்

இன்று காலை லோரியில் ஏறி உட்கார்ந்ததும் சாமந்தி வாசம் முகத்தில் அடித்தது. பக்கத்து ஊரான திரிங்காவில் பூப்பண்ணையில் வேலை செய்யும் தங்கையிடம் சொல்லி, தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருத்தி மஞ்சள் சாமந்தி வரவழைத்திருக்கிறாள். பாதியை முருகன் படத்துக்குப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதி உனக்கு. ஆமாம், உனக்குத்தான். லோரியின் முன்கண்ணாடிக்குக் கீழே, முருகனுக்குப் பக்கத்தில், உன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். நீ போய் நேற்றோடு ஒரு வருடம் ஆகிறது.

ஒட்டியது வேறு யாருமில்லை, என் மனைவி சரசுதான். "அண்ணன் முன்னாடி உக்காந்திருந்தா லோரிக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். பத்தொன்பது வருடம் இந்த லோரியில் அவர்களை மலைக்கு ஏற்றிப் போய், ஒரு கீறல் இல்லாமல் இறக்கிக் கொண்டுவந்து விட்டவன் நீ. தினமும் காலையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கொழுந்தை நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணி நான். இப்போது ஓட்டுவது புதிய டிரைவர். நான் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்து, உன் படத்தைப் பார்த்துக்கொண்டு போகிறேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எப்படிப் போகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை இன்று சாயங்காலம் மீறிவிட்டேன். என்ன வாக்கு என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், கேள். இத்தனை நாள் ஆகியும் எனக்கே அது முழுதாக மண்டையில் ஏறவில்லை.

நம் தோட்டத்தில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? இங்கே நம் ஆட்களுக்குப் பந்து என்றால் காலால் உதைப்பதுதான். கிரிக்கெட் என்று சொன்னால், "நாள் பூரா நின்னுக்கிட்டே இருப்பாங்களே, அதுவா?" என்று கேட்பார்கள். நீ, நான், ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் மிஷினைப் பார்க்கும் மணியம், மூன்றே பேர். அப்புறம் வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த ரபிக் சேர்ந்தான். அவன் வந்த பிறகுதான் நம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உயிர் வந்தது. மழை பெய்தால் கிளப் கூடத்து டிவி படம் காட்டாது. ரபிக் தன் போனிலிருந்து ஒரு வயரை இழுத்து டிவியில் சொருகி விடுவான். மலாய், தமிழ், வங்காளம் மூன்றையும் கலந்து அவன் போடும் சத்தத்துக்காகவே மணியம் வருவான்.

பந்தயத்துக்குச் சட்டம் போட்டவன் நீ. காசு கூடாது. ஜெயித்தவன் ஒன்று கேட்பான், தோற்றவன் அதைச் செய்ய வேண்டும். முடியாது என்று சொல்லக்கூடாது, ஏன் என்றும் கேட்கக்கூடாது. மணியம் ஒரு தடவை தோற்று, ஒரு வாரம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். நான் தோற்று, நிறுவைக் கொட்டகையில் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் பாட்டுப் பாடினேன். சரசு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ தோற்று மீசையை எடுத்தாய். எடுத்த பிறகுதான் உன் மேலுதடு எவ்வளவு சின்னது என்று தோட்டத்துக்கே தெரிந்தது.

அந்தக் காலைப் பயணங்களையும் சொல்லிவிடுகிறேன். விடிந்தும் விடியாத பனியில் லோரி கிளம்பும். பின்னால் நம் பெண்கள் ஒன்பது பேர், ரபிக்கின் ஆட்கள் பதினாலு பேர். முன்னால் நாம் இருவர். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், கண்ணில் பட்டதை எல்லாம் சொல்லாமல் வர மாட்டேன். கடைசி வருடம் நீயும் அதற்குத் தோதாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாய்.

"எதுக்க வர்றது யாரு கிராணி? கோலா தெர்லா காய்கறி லோரியா?"

"ஆமா, அவன்தான். பாதி ரோட்ட முழுங்கிக்கிட்டு வர்றான் பாரு."

"அங்க ஓரத்துல யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?"

"நிக்கிறதா? உக்காந்திருக்கான் லா. மோட்டார் சைக்கிள் செயின் கழண்டுருச்சி போல. நடு ரோட்டுல வச்சிக்கிட்டு நோண்டிக்கிட்டு இருக்கான் பாரு, மூளை கெட்டவன்."

நீ வேகத்தைக் குறைப்பாய். ஹார்ன் அடிப்பாய். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தடவை அடித்துவிட்டு, ஜன்னலை இறக்கி ஒரு நொடி காது கொடுப்பாய். பின்னால் இருக்கும் பெண்கள், "எங்க அண்ணன் மாதிரி யாரு ஓட்டுவா" என்பார்கள். எனக்கு ஒரே பெருமை. என் பேச்சை இவ்வளவு ஆசையாகக் கேட்கிற ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். வீட்டில் அதைச் சொல்லிக்கூட இருக்கிறேன்.

ஒரு நாள் எனக்குப் பல்வலி. கன்னம் வீங்கி இருந்தது. இன்று வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் லோரியில் ஏறினேன். நீ இரண்டு கேள்வி கேட்டாய், நான் தலையை மட்டும் ஆட்டினேன். முந்தின இரவு நல்ல மழை. மேல் தேயிலை வயலுக்குத் திரும்பும் இடத்தில் மண் சரிந்து, ரோட்டின் பாதியைப் பள்ளத்துக்குக் கொண்டுபோயிருந்தது. அதைப் பார்த்ததும் பல்வலியை மறந்து வாய் தானாகத் திறந்தது. "என்னடா இது, பாதி ரோட்ட காணோம்!" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீ பிரேக்கை மிதித்த வேகத்தில் பின்னால் இருந்த கூடைகள் எல்லாம் உருண்டன. பெண்கள் கத்தினார்கள். லோரி நின்ற இடத்திலிருந்து சரிவு நாலு முழம்கூட இல்லை. உனக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்! "பயந்தாங்கொள்ளி, இதுக்கா இப்படி வேர்க்குது?" என்று உன்னைக் கேலி செய்தேன். நீ லோரியைப் பின்னுக்கு எடுத்தாய், என்னை இறங்கி நின்று கை காட்டச் சொன்னாய். அதையும் நான் உன் நிதானம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

இந்தியாவும் ரபிக்கின் நாடும் ஆடின. மதியச் சோற்றை அவசரமாக முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டோம். உன் இடதுகைக்காரன் மூன்றாவதாக இறங்கினான். அவன் மட்டையைத் தரையில் தட்டிவிட்டு நிமிர்ந்து நிற்பதைப் பற்றியே நீ அரை மணி நேரம் பேசுவாய். "இன்னிக்கு அம்பது நிச்சயம்" என்றாய். "அடிக்க மாட்டான்" என்றேன் நான். ரபிக் என் பக்கம், மணியம் உன் பக்கம். பந்தயம் கட்டியாயிற்று.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வர்ணனை சத்தமாகக் கேட்டது. ஒவ்வொரு பந்துக்கும் நீ ஏதோ சொன்னாய், சரியாகவே சொன்னாய். உன் ஆள் முப்பத்தொன்றுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூடத்துக்குத் தகரக் கூரை என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவன் பேசுவதே காதில் விழவில்லை. ரபிக் தன் போனைச் சொருகிய டிவியில் படம் மட்டும் ஓடியது.

ரபிக்கின் நாட்டுப் பந்துவீச்சாளன் ஓடி வந்து ஒன்று போட்டான். ஸ்டெம்பு பறந்தது. ரபிக் நாற்காலிமேல் ஏறிக் குதித்தான். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"போச்சு! முப்பத்தொண்ணுலேயே போயிட்டானே படுபாவி! சரி கிராணி, நீ ஜெயிச்சிட்டே. என்ன வேணும், கேளு."

மணியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, அவுட்டானவன் வலதுகை லா! உங்க ஆளு அந்தப் பக்கம் சும்மா நிக்கிறான் பாருங்க!"

நீயும் உடனே சிரித்தாய். "தெரியும்டா. கிராணி ஏமாறுறானான்னு பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் சிரித்து முடிப்பதற்குள் என் கண் மறுபடி டிவிக்குப் போனது. அவுட்டானவன் நம் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு, ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டு, திரை நிறைய நடந்து போய்க்கொண்டிருந்தான். இடதுகைக்காரனின் முதுகை வைத்தே அவனை அடையாளம் சொல்கிறவன் நீ. விளையாட்டுக்குக்கூட அவன் விஷயத்தில் நீ தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. நான் உன் காதருகே குனிந்து, "இப்ப ஸ்கோர் என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டேன். திரையின் அடியில் எண்கள் முஷ்டி அளவுக்கு இருந்தன.

"எண்ணு எழுதுறது உன் வேலை. நீயே படிச்சிக்க" என்றாய்.

வேறொரு நாளாக இருந்தால் நல்ல பதில் என்று தொடையைத் தட்டியிருப்பேன். அன்று கை எழவில்லை. உன் கண்ணைப் பார்த்தேன். அது டிவி இருக்கும் திசையில்தான் இருந்தது. ஆனால் திரையில் ஆட்கள் ஓடினார்கள், உன் கருவிழி ஓடவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், இவ்வளவு பக்கத்தில் இருந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பார்கள். கேட்கட்டும். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். எதிரே வருவது யார் என்று நீ கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றது. ஓரத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கே. பாலம் வந்துருச்சா, பேச்சுல கவனிக்கல. பனியா இது, புகையா? பாதி ரோட்டைக் காணோம் என்று நான் சொன்னதும் உனக்கு வேர்த்தது. அடுத்த நாள் திங்கட்கிழமை. விடிந்தால் சரசு அந்த லோரியில் ஏற வேண்டும்.

நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். உன்னிடம் நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பது வருடச் சிநேகிதன், தோட்டத்திலேயே நல்ல டிரைவர். அவனைத் தள்ளிக்கொண்டு போய், "உனக்குக் கண் தெரியவில்லையா" என்று எப்படிக் கேட்பது? அப்போதுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. நான் ஜெயித்தால் நீ மறுக்க முடியாது, ஏன் என்று கேட்கவும் முடியாது. லோரிச் சாவியைக் கேட்டுவிடலாம். அதன்பிறகு நான் அந்த ஆட்டத்தைப் பார்த்த மாதிரி வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை. உன் இடதுகைக்காரன் அவுட்டாக வேண்டும் என்று முருகனை வேண்டினேன். முப்பத்தெட்டில் ஒரு கேட்சை விட்டார்கள். ரபிக்கைவிட நான்தான் அதிகமாகத் தலையில் அடித்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு. நாற்பத்தெட்டில் நாலு பந்து சும்மா நின்றான். ஐந்தாவது பந்தைத் தூக்கி அடித்தான். அது கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

மணியம் கத்தினான். அவன் கத்திய பிறகு நீ கத்தினாய். ஒரே ஒரு மூச்சு தாமதம். பல மாதமாகவே நீ எங்களுக்குப் பின்னால்தான் கத்திக்கொண்டிருந்தாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் தோற்றுவிட்டேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"கேளுங்கண்ணே, கேளுங்க! கிராணிய விடாதீங்க!" என்று மணியம் கூத்தடித்தான். "கோழி பிரியாணி கேளுங்க, எல்லாருக்கும்!"

நீ சட்டைப்பைக்குள் கையை விட்டாய். லோரிச் சாவியை எடுத்தாய். கையை நீட்டினாய். "இந்தா கிராணி, பிடி. நாளையிலேர்ந்து எனக்கு ரெஸ்ட் வேணும். என் லோரிக்கு நீ வேற ஆளு பாரு. நான் கேக்குறது இதான்."

நீ சாவியை நீட்டியது என் நாற்காலியைப் பார்த்து. நான் அதில் இல்லை. ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன். காலி நாற்காலிக்கு முன்னால் உன் கை நீண்டு இருந்தது. நல்லவேளை, மணியமும் ரபிக்கும் டிவி பக்கம் திரும்பியிருந்தார்கள். நான் இரண்டே எட்டில் ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து சாவியை வாங்கினேன்.

"இவ்ளோ பெரிய பந்தயத்துல ஜெயிச்சிட்டு லீவா கேக்குறீங்க?" என்று மணியம் கோபித்துக்கொண்டான். ரபிக், "அண்ணே பெனாட், அண்ணே ரொம்ப பெனாட்" என்றான். உடம்பு அலுத்துவிட்டது என்று மலாயில் உனக்காகப் பரிந்து பேசினான். பாவம், அவனும் தினமும் பின்னால் ஏறியவன்தான்.

கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழ் நாம் நின்றோம். மழை இன்னும் விடவில்லை.

"எப்பத்திலேர்ந்து?" என்று கேட்டேன்.

"எட்டு மாசமிருக்கும். மொதல்ல ஒரு கண்ணுல கரும்புள்ளி மாதிரி மெதந்துச்சி. அப்புறம் எல்லாமே பனி மாதிரி ஆயிருச்சி. ஆளு இருக்குன்னு தெரியும், யாருன்னு தெரியாது. இப்ப ரெண்டு மாசமா அதுவும் இல்ல, ரோட்டோட வெளுப்பு மட்டும் மங்கலாத் தெரியும். இனிப்பு நீரு வியாதி கண்ணுல எறங்கிருச்சின்னு நெனைக்கிறேன்."

"அப்புறம் எப்படிடா ஓட்டினே?"

நீ தாழ்வாரத்துத் தூணைத் தடவிப் பிடித்துக்கொண்டாய்.

"நீதான் சொல்லிக்கிட்டே வந்தியே" என்றாய்.

உன்னை அடித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை ஓங்கியும்விட்டேன். உனக்கு அது தெரியவில்லை என்பதால்தான் இறக்கினேன்.

"லோரியில சரசு இருக்காடா. இருபத்திமூணு பேரு இருக்காங்கடா. எனக்குப் பல்லு வலிச்ச அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"அத நீ கேக்குறியே, நான் அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து தூங்கல. தெனமும் காலையில நெனைப்பேன், இன்னிக்குச் சொல்லிடணும்னு. மொதல்ல ரோடு எனக்கு மனப்பாடம்ங்கிற திமிரு. அப்புறம் பயம். இன்னிக்குச் சொன்னா, நேத்து எப்படி ஏத்திக்கிட்டுப் போனேன்னு கேப்பாங்கல்ல? ஒவ்வொரு நாளும் ஓட்ட ஓட்ட சொல்ல முடியாம போயிருச்சி. நீ ஸ்கோர் கேட்டப்பவே தெரிஞ்சிருச்சி, உனக்குப் புரிஞ்சிருச்சின்னு. நீ ஜெயிச்சா சாவியத்தான் கேப்பேன்னு நெனச்சேன். நான் ஜெயிச்சிட்டேன். நானே குடுத்துட்டேன்."

அப்புறம்தான் அந்த வாக்கை வாங்கினாய். "மேனேஜர்கிட்ட இடுப்பு வலின்னு சொல்லு. சரசுகிட்ட மட்டும் எப்பவும் சொல்லாத. என்னை அண்ணன்னு நம்பி ஏறுன பொண்ணு."

மறுநாள் நான் மேனேஜர் முன்னால் நின்று கூசாமல் இடுப்பு வலி என்று பொய் சொன்னேன். அடுத்த வாரம் உன்னைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். டாக்டர் அம்மா, முன்பே வந்திருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். திரும்பி வரும்போது மலைப்பாதை நெடுகப் பஸ் ஜன்னலுக்கு வெளியே எத்தனையோ வண்டிகள் வந்தன, போயின. நான் ஒன்றையும் உனக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் உன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. பந்தயத்தில் தோற்ற கோபம் என்று தோட்டமே சிரித்தது. "ஒரு பேட்டுக்காரனுக்காக இப்படியா?" என்று மணியம் என்னைத் திட்டினான். உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். நீ ஃபேக்டரி மேல்தளத்தில் கொழுந்து வாடியதா என்று கையால் தடவிப் பார்க்கும் வேலைக்குப் போனாய். நான் கீழே நின்று உன்னைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு நாள் சரசுதான் உனக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். அதைக் கொண்டுவந்தவன் அப்படியே உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றோடு பேச்சு வந்தது. அதைப் பற்றி மட்டும் நாம் மறுபடி பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பேசுவதற்குள் உன் சிறுநீரகமும் போய், நீயும் போய்விட்டாய்.

உன் சாவில் அதிகமாக அழுதது சரசு. "கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு எங்களக் கொண்டு போய் விட்டியே அண்ணே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் மேல் விழுந்தது.

சரி, இன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். புதிய டிரைவர் நல்லவன். ஆனால் போன வாரம் ஓரத்தில் ஒரு கல்லில் உரசிவிட்டான். பெண்கள் கூடி, அவனை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் போவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டில் சரசு கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அண்ணன் ஒரு நாளாச்சும் ரோட்ட விட்டுக் கண்ண எடுத்திருக்குமா? இவனும் டிரைவராம். நாளைக்கே போய்ச் சொல்றோம். நீங்களும் முன்னாடி உக்காந்து பாத்தீங்கள்ல, சாட்சிக்கு வரணும்."

கையெழுத்துக் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். சாட்சி என்ற சொல் என்னைக் குத்திவிட்டது. கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஒருவனின் வேலை போகப்போகிறது. கல்லில் உரசினான் என்பதற்காக. உன்னோடு ஒப்பிட்டு. நான் போய் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும்.

சொல்லிவிட்டேன். எட்டு மாதம், கரும்புள்ளி, பாதி ரோடு, சாவி, காலி நாற்காலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்காகவும் சொன்னேன், உன் பயத்தையும் சொன்னேன், தூங்காமல் கிடந்ததையும் சொன்னேன். நீயாகத்தான் சாவியைக் கொடுத்தாய் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேட்டாள்: "அந்த எட்டு மாசமும் நீங்க அண்ணன் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"தெனமும்?"

"தெனமும்."

"ஒரு நாளு கூடத் திரும்பி அது மூஞ்சியப் பாக்கலையா?"

யோசித்துப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்திருக்கிறேன், வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், தேயிலையைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை எல்லாம் பேசியிருக்கிறேன். உன்னைப் பார்த்த ஞாபகம் ஒன்றும் வரவில்லை.

"இல்ல" என்றேன்.

"அப்ப அந்த லோரியில கண்ணு தெரியாதவங்க ரெண்டு பேரு" என்றாள் சரசு. அவ்வளவுதான். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மேனேஜரிடம் போகும் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பாய், எனக்காகப் பேசியிருப்பாய். நானோ இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை உன்னை மன்னித்துவிட்டேனா இல்லையா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. இன்றோடு அந்தக் கேள்வி போய்விட்டது. நீ எட்டு மாதம் பயந்துகொண்டே எனக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாய், நான் பேசிக்கொண்டே வந்தேன்.